பாட்டில் பிறக்கும் இளவரசி

மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்தில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து நடக்கும். அதில் பாஞ்சாலியின் வருகையை முதலில் காதுதான் அறியும். இருவர் திரை பிடித்திருக்க, அதன் பின்னால் நின்றே வேடக்காரர் விருத்தம் பாடுவார். முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்துகொள்ளும். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவார்கள். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரன் யாரென்று விசாரித்தால் ஊர், குலம், பெருமை எல்லாம் பாட்டாகவே வரும். வேடம் கட்டியவர் ஆண் என்பது அதற்குள் நமக்கு மறந்துபோகும்.

அனிமேஷன் இளவரசிகளுக்கும் உயிர் கொடுப்பது பாட்டுதான். முதலில் குரலைப் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓவியர் வாயசைவையும், மூச்சு வாங்கும்போது உயரும் தோளையும் வரைவார்.

டிஸ்னியின் முதல் முழுநீள அனிமேஷன் படமான ‘ஸ்னோ ஒயிட்’டில் (1937) இளவரசி கிணற்றடியில் நின்று பாடுகிறாள், அன்பன் ஒருவன் தன்னைத் தேடி வரவேண்டும் என்பதே அவள் ஆசை. 1989இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் கடற்கன்னி ஏரியல், மனிதர்களோடு தரையில் வாழ ஏங்கிப் பாடுகிறாள். பிறகு கால்கள் பெறச் சூனியக்காரியிடம் அவள் கொடுக்கும் விலை அந்தக் குரலேதான். ஏக்கத்தைப் பாடிய குரலே போய்விட்டதால் அந்த இழப்பு நமக்கும் உறைக்கிறது.

‘ஃப்ரோசன்’ (2013) படத்தில் பாட்டு கதையையே மாற்றியது. அதன் இளவரசி எல்சாவை முதலில் வில்லியாகத்தான் யோசித்திருந்தார்கள். கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ், ராபர்ட் லோபஸ் தம்பதி எழுதிய ‘லெட் இட் கோ’ பாட்டில், ஒளித்து வைத்த சக்தியைத் துணிந்து வெளியே விடும் பெண் தெரிந்தாள். அவளுக்கேற்பக் கதையைத் திருத்தினார்கள்.

‘ஃப்ரோசன் 2’ (2019) தமிழில் வந்தபோது எல்சாவுக்காகப் பேசியவரும் பாடியவரும் ஸ்ருதி ஹாசன். மொழிமாற்றத்தில் வேலை தலைகீழ். படம் முன்பே முடிந்திருக்கும். உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழ வேண்டும், வாய் அகலத் திறந்து நிற்கும் இடத்தில் ஆகாரம் நீள வேண்டும். அப்போதுதான் எல்சா தமிழில் பாடுவதாகக் குழந்தை நம்பும்.

மீண்டும் கூத்துக்கு வருவோம். துகிலுரிதல் கூத்தில் சபையே வாய்மூடி இருக்க, பாஞ்சாலி பாடி நியாயம் கேட்கிறாள், கூந்தலை முடியேன் என்று சபதம் செய்கிறாள். பாரதக் கதை அதற்குப் பிறகு அந்தச் சபதத்தின் வழியே போகிறது. குழந்தைகளோடு அனிமேஷன் படம் பார்க்கும்போதும், இளவரசி என்ன வேண்டிப் பாடுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்னோ ஒயிட்டிலிருந்து எல்சா வரை 76 ஆண்டுகளில் பெண்ணைப் பற்றிய எண்ணம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.