ஓடும் தரவுத்தளத்தில் புதிய வட்டுகளைச் சேர்த்தல்

பதிவேடுகள் ஒருபோதும் வளர்வதை நிறுத்துவதில்லை. ஒரு பள்ளியின் மாணவர் விவரம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. ஒரு வட்டாரத்தின் மழையளவும், மண் பரிசோதனை முடிவுகளும், பயிர்க் கணக்கும் பருவத்துக்குப் பருவம் சேர்கின்றன. முற்காலத்தில் அலமாரி நிரம்பினால் மற்றோர் அலமாரி வாங்கப்பட்டது. இன்று இவ்விவரங்களில் பெரும்பகுதி கணினிகளின் வட்டுகளில் தங்குகிறது. வட்டுகளும் நிரம்பவே செய்யும். ஆயினும், பல கணினிகள் ஒருங்கே பயன்படுத்தும் தரவுத்தளத்தில் ஒரு புதிய வட்டைச் சேர்ப்பது, அறையில் ஓர் அலமாரியைக் கொணர்ந்து வைப்பது போன்ற எளிய காரியமன்று. முறைப்படி செய்தால் பயனாளர் எவரும் அறியாமலே அவ்வேலை முடிந்துவிடும். முறை தவறினாலோ, பல ஆண்டுகளாகச் சேர்த்த பதிவுகள் சில விநாடிகளில் அழியக்கூடும்.

கூட்டுத் தரவுத்தளம் என்பது யாது?

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. ஒரு கணினி, அதனுடன் ஒரு சேமிப்பகம் என்பதே அக்காலத்து ஏற்பாடு. பின்னர், ஒரே விவரத்தை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நாடும் நிலைமை உண்டாயிற்று. இந்திய ரயில்வேயின் முன்பதிவு இதற்கு நல்ல உதாரணம். எந்த ஊர் ஜன்னலில் கேட்டாலும், காலியாக உள்ள இருக்கைகளின் கணக்கு ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இத்தகைய பணியை ஒரே கணினியிடம் ஒப்படைத்தால், அது பழுதுறும் நேரத்தில் எல்லாமே நின்றுவிடும். ஆகவே, பல கணினிகளை இணைத்து, அவை யாவும் பொதுவான வட்டுகளைப் படிக்கவும் எழுதவும் இயலுமாறு அமைக்கும் முறை தோன்றிற்று. 1983-இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் இவ்வகைக் கூட்டமைப்பை அறிமுகம் செய்தது. 2001-இல் ஆரக்கிள் நிறுவனம் ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ் என்னும் பெயரில் தன் தரவுத்தளத்தை இம்முறையில் அமைத்து வெளியிட்டது. இதில் ஒரு கணினி நின்றாலும் ஏனையவை பணியைத் தொடரும். பல கைகள் ஒரே பேரேட்டில் எழுதுவதை ஒத்தது இது. எவர் எப்பக்கத்தில் எழுதுகிறார் என்பதில் எல்லாக் கைகளுக்கும் உடன்பாடு இருந்தாலன்றிப் பேரேடு குழம்பிவிடும். வட்டுகளைச் சேர்ப்பதில் உள்ள நுட்பம் யாவும் இந்த உடன்பாட்டைக் காப்பதிலேயே அடங்கியுள்ளது.

துண்டு துண்டாகப் பரப்புதல்

2003-இல் அறிவிக்கப்பட்ட ஆரக்கிள் 10ஜி பதிப்பில், ஏ.எஸ்.எம். எனப்படும் தானியங்கிச் சேமிப்பு நிர்வாகம் சேர்க்கப்பட்டது. இது பல வட்டுகளை ஒரு குழுவாகக் கொள்கிறது. குழுவில் வைக்கப்படும் ஒவ்வொரு கோப்பும், பெரும்பாலும் 1 மெகாபைட் அல்லது 4 மெகாபைட் அளவுள்ள அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, எல்லா வட்டுகளிலும் பரப்பப்படுகிறது. இதனால் வேலைச்சுமை ஒரே வட்டின்மீது விழுவதில்லை.

புதிய வட்டைச் சேர்த்துவிட்டுப் பழைய பதிவுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டால் என்ன நேரும்? இனி வரும் பதிவுகளில் பெரும்பகுதி, இடமுள்ள புதிய வட்டிலேயே குவியும். அண்மைப் பதிவுகளையே மக்கள் மிகுதியாக நாடுவர். ஆதலால் புதிய வட்டு ஓயாது உழைக்க, பழையவை சும்மா இருக்கும். இடம் கூடியும் வேகம் கூடாது. இக்குறையை நீக்கவே சேர்த்தலுக்குப் பின் மறுபகிர்வு செய்யப்படுகிறது. ஆகவே இவ்வேலை மூன்று படிகளாக நடைபெறும்: வட்டின் அடையாளத்தை உறுதிசெய்தல், அதற்குரிய இடத்தைத் தீர்மானித்தல், பதிவுகளை மறுபகிர்வு செய்தல்.

முதற்படி: அடையாளம்

லினக்ஸ் இயங்குதளம் தான் காணும் வட்டுகளுக்கு எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்று கண்ட வரிசையில் பெயரிடுகிறது. ஒரு கணினியில் எஸ்.டி.சி. எனப்படும் வட்டு, அடுத்த கணினியில் வேறு பெயர் பெறலாம். கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் அதே கணினியிலும் பெயர் மாறலாம். பெயரை நம்பி வட்டைத் தேர்ந்தெடுப்பது, பதிவேட்டு எண்ணைப் பாராமல் மாணவர் அமர்ந்திருக்கும் இடத்தைக் கொண்டு மதிப்பெண் இடுவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு வட்டுக்கும் மாறாத தனி அடையாள எண் உண்டு. அவ்வெண்ணை எல்லாக் கணினிகளிலும் படித்து ஒப்பிட்டு, அதனை ஆதாரமாகக் கொண்டு நிலையான பெயரொன்றை ஏற்படுத்துவதே முறையாகும்.

சேமிப்பகத்துக்கும் கணினிக்கும் இடையே, ஒன்று அறுந்தாலும் மற்றொன்று உதவும் பொருட்டு, இரண்டு பாதைகள் அமைப்பது வழக்கம். அப்பொழுது ஒரே வட்டு இரண்டு வட்டுகளாகத் தோன்றும். இரு பாதைகளையும் ஒன்றிணைத்த பொதுப்பெயரை மட்டுமே ஏ.எஸ்.எம். காணுமாறு செய்தல் வேண்டும். மேலும், வட்டைப் படிக்கவும் எழுதவும் உள்ள உரிமை எல்லாக் கணினிகளிலும் ஒரே விதமாக இருத்தல் அவசியம். ஏதேனும் ஒரு கணினிக்கு வட்டு புலப்படாவிடில், சேர்க்கும் கட்டளை நிறைவேறாது. இத்தடை தொல்லையன்று; பாதுகாப்பேயாகும்.

இங்கு மிகுந்த எச்சரிக்கைக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஏ.எஸ்.எம். தான் காணும் வட்டின் தலைப்பகுதியைப் படித்து, அது ஏற்கெனவே உறுப்பினரா, முன்னாள் உறுப்பினரா, சேர்க்கத்தக்கதா என்று நிலை கூறும். ஆனால் ‘சேர்க்கத்தக்கது’ என்பதற்கு ‘வெற்று வட்டு’ என்பது பொருளன்று. வேறொரு பணிக்காகச் சாதாரணக் கோப்புகள் எழுதப்பட்டுள்ள வட்டும், ஏ.எஸ்.எம். முத்திரை இல்லாத காரணத்தால், சேர்க்கத்தக்கதாகத் தோன்றக்கூடும். அதனைச் சேர்த்துவிட்டால் அதிலிருந்த விவரங்கள் மேலெழுதப்பட்டு மறையும். வட்டு ஏற்கெனவே உறுப்பினர் என்று அமைப்பு மறுக்கும்போது, வற்புறுத்திச் சேர்க்கும் கட்டளையைக் கையாள்வதும் இத்தகைய ஆபத்தையே விளைக்கும். மறுப்பின் காரணத்தை அறியாமல் வற்புறுத்தலாகாது.

இரண்டாம் படி: இடம்

ஏ.எஸ்.எம். முறையில் பதிவுகளுக்குப் பாதுகாப்பளிக்க இரு வழிகள் உள்ளன. சேமிப்பகமே பிரதிகளைக் காத்துக்கொள்ளுமாயின், ஏ.எஸ்.எம். ஒரே பிரதியை வைக்கும். அவ்வாறன்றி, ஏ.எஸ்.எம். தானே இரண்டு அல்லது மூன்று பிரதிகளை வெவ்வேறு ‘பழுதுக் குழு’க்களில் வைப்பதும் உண்டு. ஒருசேரப் பழுதுறக்கூடிய வட்டுகளின் தொகுதியே பழுதுக் குழு எனப்படும். ஒரே பெட்டியில் உள்ளவையும், ஒரே மின் இணைப்பில் தொங்குபவையும் ஒரு பழுதுக் குழுவைச் சேர்ந்தவை.

முதல் வழியில், புதிய வட்டும் பழையவற்றுக்கு நிகரான பாதுகாப்புடையதா என்று பார்த்தல் வேண்டும். பாதுகாப்பற்ற ஒரு வட்டு சேர்ந்து, பின்னர் அது கெட்டால், அவ்வொன்றின் இழப்பு மட்டுமன்று. எல்லாக் கோப்புகளின் துண்டுகளும் அதில் பரவியிருப்பதால் குழு முழுவதுமே வீழும்.

இரண்டாம் வழியில், புதிய வட்டு எப்பழுதுக் குழுவைச் சேர்ந்தது என்று கட்டளையில் கூறாவிடில், அமைப்பு அதனைத் தனியொரு பழுதுக் குழுவாகக் கருதும். ஒரே பெட்டியில் செருகிய இரு வட்டுகளை இவ்வாறு பெயர் கூறாமல் சேர்த்தால், ஒரு பதிவின் இரண்டு பிரதிகளும் அப்பெட்டிக்குள்ளேயே அமையக்கூடும். பெட்டி பழுதுறும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். அதுவரை எக்குறையும் வெளிப்படாது என்பதே இப்பிழையின் கொடுமை. பழுதுக் குழுக்களின் கொள்ளளவு ஏறத்தாழச் சமமாக இருத்தலும் அவசியம். ஒன்று நிரம்பிவிட்டால், மற்றொன்றில் இடமிருந்தும் இரண்டாம் பிரதியை வைக்க இயலாது.

மூன்றாம் படி: மறுபகிர்வு

மறுபகிர்வின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு குழுவில் தலா 1000 ஜிகாபைட் கொள்ளளவுள்ள 4 வட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 750 ஜிகாபைட் நிறைந்துள்ளது. மொத்தம் 3000 ஜிகாபைட். அதே அளவுள்ள ஐந்தாம் வட்டு சேரும்போது, ஒவ்வொன்றின் பங்கும் 600 ஜிகாபைட் ஆகும். பழைய வட்டு ஒவ்வொன்றிலிருந்தும் 150 ஜிகாபைட் புதிய வட்டுக்குச் செல்லும். விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் நகர்ந்தால், 600 ஜிகாபைட்டுக்கு 6000 விநாடிகள், அதாவது 1 மணி 40 நிமிடங்கள் பிடிக்கும். எல்லாப் பதிவுகளும் இடம் மாறுவதில்லை. புதிய வட்டின் பங்கு மட்டுமே நகர்கிறது.

ஐந்தாம் வட்டு 2000 ஜிகாபைட் அளவினதாயின் கணக்கு மாறும். கொள்ளளவின் விகிதப்படியே பகிர்வு நடைபெறுவதால், 3000-இல் 1000 ஜிகாபைட் அதன் பங்காகும். மூன்றில் ஒரு பங்கு வேலையும் அந்த ஒரே வட்டின் தலையில் விழும். குழுவிலுள்ள வட்டுகள் அளவிலும் வேகத்திலும் ஒத்திருத்தல் நன்று என்று வல்லுநர் கூறுவதன் காரணம் இதுவே.

மறுபகிர்வு நடைபெறும்போதும் தரவுத்தளம் திறந்தே இருக்கும். எனினும் வட்டுகளின் உழைப்பில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்வதால், பயனாளரின் பணி சற்று மந்தமாகலாம். இதனை அளவிட ‘வலிமை எண்’ ஒன்றுண்டு. தொடக்கப் பதிப்புகளில் அது 0 முதல் 11 வரை இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் 1024 வரை நீண்டுள்ளது. எண் உயர்ந்தால் வேலை விரைவாக முடியும். பயனாளர் காத்திருப்பும் கூடும். 0 எனக் குறித்தால் நகர்வு நின்றுவிடும். பகலில் குறைத்தும் இரவில் கூட்டியும் வைப்பது நல்வழக்கம். இடையில் ஒரு கணினி நின்றுபோனால், மற்றொரு கணினி மறுபகிர்வை ஏற்று நடத்தும்.

பழைய வட்டை நீக்குகையில்

புதியவற்றைச் சேர்ப்பதோடு பழையவற்றை நீக்கவும் வேண்டியிருந்தால், இரண்டையும் ஒரே கட்டளையில் கூறுதல் சிக்கனமானது. மறுபகிர்வு ஒருமுறையே நடைபெறும். நீக்கும் கட்டளையை ஏற்றதாக அமைப்பு உடனே விடையளிக்கும். அவ்விடை, வட்டு காலியாகிவிட்டது என்பதைக் குறிப்பதன்று. அதிலுள்ள பதிவுகள் முற்றும் வெளியேறி, வட்டின் நிலை ‘முன்னாள் உறுப்பினர்’ என்று மாறிய பின்னரே அதனைக் கையால் கழற்றலாம். விடையைக் கண்டவுடன் வட்டை உருவிவிடும் அவசரம் பேரிழப்புக்கு வழிசெய்யும். அதேபோல், வேலையைத் தொடங்குமுன் தரவுத்தளத்தின் காப்புப் பிரதி எடுக்கப்பட்டதா என்பதோடு, அப்பிரதியிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்பதையும் சோதித்தறிதல் வேண்டும்.

வகுப்பறையிலும் களத்திலும்

இவ்விஷயத்தை மாணவர்க்கு விளக்கக் கணினி தேவையில்லை. 60 நோட்டுப் புத்தகங்களை 4 அடுக்குகளில் 15 வீதம் வைத்து, ஐந்தாம் அடுக்கு ஒன்றைத் தொடங்குமாறு கூறலாம். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் 3 புத்தகங்களை எடுத்தால் போதும்; ஐந்திலும் 12 வீதம் அமையும். புத்தகங்களை நகர்த்தும்போதே வேறு சில மாணவர் அவற்றுள் ஒன்றைத் தேடிக் கேட்குமாறு செய்தால், இடம் மாறும் புத்தகத்தின் கணக்கை ஒழுங்காகக் குறித்துவைப்பதன் அருமை அவர்களுக்குத் தானே விளங்கும்.

களத்திலிருந்து விவரம் அனுப்பும் ஊழியர் இவ்வட்டுகளை ஒருபோதும் காண்பதில்லை. பராமரிப்பு அறிவிக்கப்பட்ட நேரத்தில் அமைப்பு மந்தமாக இருப்பின், அதே விவரத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், ஏற்புச் சீட்டு வரும்வரை பொறுத்திருப்பதும், மூலக் குறிப்பை அதுவரை கைவசம் வைத்திருப்பதும் அவர்தம் கடமையாகும். ஒரு சிற்றூரின் ஓராண்டு மழையளவை இரண்டாம் முறை அளக்க இயலாது. தொலைவிலுள்ள கணினி அறையில் வட்டின் எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்ப்பவரும், களத்தில் அளவைக் குறித்து அனுப்புபவரும் காப்பது அந்த ஒரே பதிவைத்தான்.