உலர்ந்த விதையும் உயிர்காக்கும் சர்க்கரையும்

புதுச்சேரியின் நெற்களஞ்சியமாகிய பாகூர்ப் பகுதியில், விதைநெல்லை ஈரப்பதம் 13 விழுக்காட்டை மிஞ்சாதவாறு உலர்த்திச் சேமிப்பர். அடுத்த பட்டத்தில் நீரில் ஊறியதும் அது முளைவிடும். பாகூருக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் வளரும் வெண்கண்டலின் விதையை அவ்வளவு உலர்த்தினால் அது இறந்துவிடும். நீரை இழந்தும் ஒன்று பிழைக்கிறது, மற்றொன்று பிழைப்பதில்லை. காரணம் அறியச் செல் சவ்வின் அமைப்பை நோக்க வேண்டும்.

செல் சவ்வு, பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளாலான ஈரடுக்கு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் வால்களும் உண்டு. தலைகளுக்கிடையே நிற்கும் நீர், அவற்றை உரிய இடைவெளியில் நிறுத்துகிறது. நீர் அகன்றால் தலைகள் நெருங்கும், வால்கள் இறுகும், நெகிழ்வாக இருந்த சவ்வு விறைத்த கூழ்நிலையை அடையும். அருகருகே உள்ள சவ்வுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதும் உண்டு.

பெருங்கேடு நேர்வது நீர் திரும்பும்போதுதான். விறைத்த சவ்வு மீண்டும் நெகிழும் அந்த இடைவேளையில், செல்லின் உள்ளிருக்கும் அயனிகள் வெளியே கசிந்துவிடுகின்றன. விதைப் பரிசோதனைக் கூடங்களில் விதை ஊறிய நீரின் மின்கடத்துதிறனை அளப்பது இதனால்தான். கசிவு மிகுந்தால் விதையின் வீரியம் குன்றியது எனக் கொள்வர்.

இக்கேட்டைத் தடுப்பது சர்க்கரை. 1984இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் குரோவும் லோயிஸ் குரோவும் பிறரும், டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையுடன் உலர்த்தப்பட்ட சவ்வுகள் சிதையாமல் மீள்வதை விளக்கினர். நீர் விட்டுச்சென்ற இடத்தில் சர்க்கரை அமர்ந்து, தலைகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைந்து, அவற்றை நெருங்கவிடாமல் காக்கிறது என்பது அவர்கள் கருத்து. விதைகளில் இப்பணியைப் பெரிதும் ஆற்றுவது சுக்ரோஸ். நாம் உண்ணும் அதே சர்க்கரை. குளுக்கோஸ் இதற்கு உகந்ததன்று. அது புரதங்களுடன் வினைபுரிந்து, நாளடைவில் அவற்றைக் கெடுத்துவிடும்.

சுக்ரோஸுக்கும் ஒரு குறை உண்டு. தனித்து உலர்ந்தால் அது கற்கண்டைப் போலப் படிகமாகிவிடும். படிகமானால் சவ்வைத் தழுவி நிற்க இயலாது. விதையில் உடனிருக்கும் ராஃபினோஸ் இப்படிகமாதலைத் தடுக்கிறது. அப்போது செல்லின் உட்பொருள் ஆரஞ்சு மிட்டாயைப் போலக் கண்ணாடி நிலையில் உறைகிறது. அக்கண்ணாடிக்குள் மூலக்கூறுகளின் இயக்கம் மிக மந்தமாவதால் சிதைவும் மந்தமாகிறது. நன்கு உலர்ந்த நெல்லைப் புது தில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியில் −18 பாகை செல்சியசில் நெடுங்காலம் வைத்திருக்க முடிவது இவ்வியல்பினால்தான்.

எனில், வெண்கண்டல் விதையில் சர்க்கரை இல்லையா? இருக்கிறது என்பதே வியப்பு. முதிர்ந்த விதையில் சுக்ரோஸ் உட்படக் கரையும் சர்க்கரைகள் நிறைய உள்ளன. ஆயினும், நெல் போன்ற விதைகளில் முதிர்ச்சியின் இறுதிக்கட்டத்தில் தோன்றும் காப்புப் புரதங்கள் அதில் உருவாவதில்லை. செல்களுக்குள் நீர் நிறைந்த பெரிய நுண்குமிழ்கள் அப்படியே இருக்கின்றன. வளர்சிதை மாற்றமும் ஓய்வதில்லை. தாய்மரத்தில் இருக்கும்போதே கரு விதையுறையைக் கிழித்துக்கொண்டு கனிக்குள் வளரத் தொடங்கிவிடும். சர்க்கரை ஒன்றால் மட்டும் உயிரைக் காக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சேறும் உப்புநீரும் எப்போதும் அருகிருக்கும் மரத்திற்கு உலர்ந்து காத்திருக்கும் தேவை எழவில்லை போலும். ஆனால் அலையாத்திக் காடுகளை மீட்க முனைவோர்க்கு இது பெரும் இடர். நெல்லைப் போல இவ்விதையை உலர்த்திப் பெட்டகத்தில் பூட்டிவைக்க இயலாது. எனவே உதிர்ந்த விதைகளை ஈரம் உலருமுன் திரட்டி, அந்தப் பருவத்திலேயே நாற்றங்காலிலோ சேற்றிலோ ஊன்றிவிடுகின்றனர்.