முழுப்பணமா, முற்பணமா?

உல்லாசக் கப்பல் என்றால் எங்கோ வெள்ளையர் போகும் பயணம் என்ற எண்ணம் மாறி வருகிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த 'எம்பிரஸ்' கப்பல் காங்கேசன்துறையையும் தொட்டுச் சென்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தாய் தந்தையரையும் இத்தகைய பயணங்களுக்கு அழைக்கிறார்கள்.

பதிவு செய்யும்போது இரு வழிகள் உண்டு. முற்பணம் கொடுத்து, மீதியைப் பெரும்பாலும் புறப்பட இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கட்டலாம். அல்லது விலைக்கழிவுக்காக முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டலாம்.

கழிவு மனதைக் கவரும். ஆனால் கட்டிய பணம் பயண நாள்வரை கம்பனியின் கையிலேயே இருக்கும். கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஜூலையில், பிரித்தானியாவின் 'குரூஸ் அன்ட் மரிடைம் வோயேஜஸ்' நிறுவனம் முறிந்தது. பயணிகள் தம் பணத்துக்காக வேறு அமைப்புகளிடம் விண்ணப்பிக்க நேர்ந்தது.

முற்பணத்திலும் ஆபத்து இல்லாமலில்லை. நாம் விலகினால் அது பெரும்பாலும் திரும்பாது. கடைசி வாரங்களில் விலகினால் முழுத்தொகையும் போகலாம். வயதானவர்களோடு போகும் குடும்பங்கள் இதை மறக்கக்கூடாது.

பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பயணத்துக்கு, கம்பனியிடம் நேரடியாக முற்பணத்தை மட்டும் கடனட்டையால் கட்டியிருந்தாலும், முழு இழப்பையும் அட்டை நிறுவனத்திடம் கோரலாம்.

ஆகவே சகோதரிகளே, கழிவு எவ்வளவு, அதே பணத்துக்கு வங்கி வட்டி எவ்வளவு என்று முதலில் கணக்குப் பாருங்கள். விலகினால் என்ன திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பயணக் காப்புறுதியைப் பதிவு செய்த அன்றே எடுங்கள். ஆயுட்காலச் சேமிப்பை ஒரு சிறு கழிவுக்காகப் பணயம் வைக்க வேண்டாம்.