மார்கழிக் குளிரும் கோழிக்குஞ்சுகளும்

வடபுலத்தில் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள், தரையோடு அமைந்த வீடும் அதன் பின்புறம் சிறிது திறந்த இடமும் வாய்க்கப்பெற்றோர் சிலரே. அவ்வாறு வாய்த்தவர்கள் முதலில் நடுவது முருங்கையும் கறிவேப்பிலையும். அடுத்து அவர்கள் நினைவுக்கு வருவது கோழி. டில்லியை அடுத்த எங்கள் வீட்டிலும் அவ்வாறே நேர்ந்தது. ஒரு மார்கழித் தொடக்கத்தில், பொரிந்து ஒரு நாளே ஆன பன்னிரண்டு குஞ்சுகளை வாங்கி வந்து, சமையலறையை ஒட்டிய மூலையில் அட்டைப் பெட்டி வைத்து, அதன் மேல் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு வளர்த்தோம்.

நான்கு வாரங்கள் சென்றன. பொங்கல் நெருங்கியது. வீட்டைத் துப்புரவு செய்யவேண்டும். குஞ்சுகளின் எச்ச நாற்றமும் பொறுக்க முடியவில்லை. போகிக்கு முதல் நாள் நல்ல வெயில் அடித்தது. “ஊரில் பொரித்த மறுநாளே குஞ்சுகள் முற்றத்தில் மேயவில்லையா?” என்று எங்களுக்குள் பேசிக்கொண்டு, குஞ்சுகள் அனைத்தையும் பின்புறக் கூட்டில் கொண்டுபோய் விட்டோம். அன்றிரவு மூடுபனி இறங்கியது, வாடையும் வீசியது. காலையில் கூட்டைத் திறந்தபோது ஐந்து குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து மடிந்து கிடந்தன. குழந்தைகள் அழுதார்கள். எங்கள் இல்லத்துப் பாட்டியார் மட்டும், “ஊரிலே குஞ்சு மட்டுமா வெளியே போயிற்று? தாயும் அல்லவா கூடப் போயிற்று!” என்றார்.

நாங்கள் மறந்த செய்தி அதுவே.

தாய்க்கோழியின் சிறகடியில் ஒரு சிறு வெயில்காலம் எந்நேரமும் இருக்கிறது. குஞ்சு சிறிது மேயும். குளிர்ந்தால் ஓடி வந்து தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். சூடேறியதும் மீண்டும் வெளியே வரும். மேலும், சென்னையில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை சென்டிகிரேடு இருக்கும். டில்லியிலோ அக்காலத்தில் 7 பாகை அளவில் இருப்பது வழக்கம். சில ஆண்டுகளில் அதனினும் தாழ்ந்துவிடும். சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2006 ஜனவரி 8ஆம் நாள் 0.2 பாகையும், 2021 ஜனவரி முதல் நாள் 1.1 பாகையும் பதிவாயின. தாயும் இன்றி, தென்னாட்டு வெப்பமும் இன்றி நம் ஊர் வழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவந்தால் அது பயன் தராது.

இறகே ஆடை

பொரிந்த குஞ்சின் மேல் காண்பது மெல்லிய தூவியே. அது ஓரளவுதான் வெப்பம் காக்கும். முதல் இரண்டு வாரங்களில் தன் உடற்சூட்டைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றலும் குஞ்சுக்கு நிரம்ப அமைவதில்லை. ஆதலின் முதல் வாரத்தில் பல்பின் கீழ் 35 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 3 பாகை வீதம் குறைத்து, 21 பாகை அளவுக்குக் கொண்டுவரலாம். வெப்பமானி இல்லாதவர்களுக்குக் குஞ்சுகளே வெப்பமானி. பல்பின் அடியில் நெருங்கிக் கீச்சிட்டால் குளிர்கிறது என்று பொருள். விலகி ஓடிச் சிறகை விரித்து வாயைத் திறந்து மூச்சுவிட்டால் வெப்பம் மிகுதி. பரவலாய்ப் படுத்து உறங்கினால் அளவு சரியே.

ஐந்தாம் ஆறாம் வாரங்களில் தூவி உதிர்ந்து உண்மையான இறகு மூடுகிறது. இறகுகளுக்கிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும் போர்வை. ஆகவே, வெளியே விடும் நாளை நாள்காட்டியில் தேடுதல் கூடாது. குஞ்சின் உடம்பில் தேடவேண்டும். கழுத்து, மார்பு, முதுகு, சிறகின் அடிப்புறம் ஆகிய இடங்களை விரலால் நீக்கிப் பார்க்க வேண்டும். தூவி மட்டும் இருக்கும் இடம் எங்கேனும் புலப்பட்டால், இன்னும் காலம் வரவில்லை என்று கொள்க. வடநாட்டுக் குளிர்காலத்தில் ஆறு முதல் எட்டு வாரம் வரை பொறுப்பதே நன்று.

படிப்படியாய்ப் பழக்குதல்

குளிரைவிடத் திடீர் மாற்றமே குஞ்சுக்குக் கொடியது. எனவே ஐந்தாம் வாரம் முதல் பகலில் பல்பை அணைத்துவிடலாம். ஆறாம் வாரத்தில், மூடுபனி விலகிய பின் முற்பகல் பதினொரு மணியளவில், காற்றுப்படாத வெயிலில் குஞ்சுகளை வைத்து, ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கொண்டுவரலாம். ஊரிலிருந்து பஞ்சாரம் கொண்டுவந்தவர்களுக்கு அது இங்கே மிகவும் உதவும். பூனைக்கும் பருந்துக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. நாள்தோறும் நேரத்தை நீட்டிச் சென்றால், ஒரு வாரம் பத்து நாட்களில் குஞ்சுகள் வெளிக்காற்றுக்குப் பழகிவிடும். இதற்கிடையே இரவில் பல்பு எரியும் நேரத்தையும் குறைத்து, இறுதியில் அதனை அறவே நீக்கிவிட வேண்டும். பல்பின் சூட்டிலேயே இருந்து பழகிய குஞ்சு, நள்ளிரவில் மின்சாரம் நின்றால் தத்தளித்துப் போகும்.

கூட்டில் முதல் இரவு தங்கச் செய்வதற்கு, மழையும் கடுங்காற்றும் இல்லாத நாள் நான்கைந்து தொடர்ந்து வரும் சமயத்தைத் தேர்ந்துகொள்க. எல்லாக் குஞ்சுகளையும் ஒரே நாளில், காலைப்பொழுதிலேயே மாற்றினால், இருட்டுமுன் புதிய இடம் அவற்றுக்குப் பழகிவிடும். பெரிய கோழிகள் இருந்தால் உடனே கலக்கலாகாது, கொத்தித் துன்புறுத்தும். இடையே கம்பிவலை கட்டி, ஒன்றையொன்று சில நாள் பார்த்துப் பழகவிட வேண்டும்.

கூடு அமைக்கும் முறை

குளிர்காலத்தில் சூரியன் தென்புறமாய்ச் சாய்ந்து செல்வதால், கூட்டின் திறந்த பக்கம் தெற்கு நோக்கி இருத்தல் வேண்டும். குளிர்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருகிறது. ஆதலின் வடக்கும் மேற்கும் பலகையாலோ சாக்காலோ அடைபட்டிருக்க வேண்டும். தரையில் மூன்று நான்கு அங்குல உயரம் உமியோ, நறுக்கிய வைக்கோலோ பரப்புக. எட்டு வாரம் வரை குஞ்சு ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் போதும்.

குளிருக்கு அஞ்சிக் கூட்டை முழுவதும் பாலிதீனால் மூடிவிடுவோர் உண்டு. அது பெரும் பிழை. குஞ்சின் மூச்சிலும் எச்சத்திலும் எழும் ஈரம் வெளியேற வழியின்றிக் கூரையில் படிந்து துளியாய்ச் சொட்டும். எச்சத்திலிருந்து அம்மோனியா எழுந்து கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். ஈரமான உமியில் இரத்தக்கழிச்சல் எளிதில் பரவும். நனைந்த இறகோ வெப்பம் காவாது. எனவே குஞ்சுகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்றுப்போக்குக்கு வழி விடுக. கீழே அவற்றின் மேல் நேரே காற்று வீசாதபடி தடுக்க. உலர்ந்த குளிரை இறகு முளைத்த குஞ்சு தாங்கும், ஈரக்குளிரைத் தாங்காது.

இங்குள்ளோர் குளிர்காய்வதற்கு மூட்டும் கரி அங்கீட்டியைக் கூட்டினருகிலோ, குஞ்சு இருக்கும் மூடிய அறையிலோ வைத்தல் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது. குஞ்சையும் கொல்லும், உறங்கும் மனிதரையும் கொல்லும். உமிமேல் தாழத் தொங்கும் பல்பும் தீக்கு இடமாகும்.

மாலையில் சிறிது மக்காச்சோளக் குருணை மிகுதியாய் இடுக. இரவெல்லாம் உடற்சூட்டுக்கு அது எரிபொருள். காலையில் தண்ணீரை வெதுவெதுப்பாய் வைக்க. தடுப்பூசியை மறத்தலாகாது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் வழங்கும் நோய்க்கு இந்நாட்டில் இராணிக்கெட் என்ற பெயரும் உண்டு. குமாவோன் மலைநகரின் பெயரே நோய்க்கு வந்தது. முதல் தடுப்பு மருந்து பொரிந்த ஒரு வாரத்திற்குள் இடவேண்டும். மேலும், 2021 ஜனவரியில் டில்லியில் காகங்களிலும் வாத்துகளிலும் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. அத்தகைய செய்தி வரும் குளிர்காலத்தில் கோழிகளைத் திறந்தவெளியில் விடாது, காட்டுப் பறவைகள் அணுகாதபடி வலைக்குள் வைத்துக் காக்க வேண்டும்.

மறு ஆண்டு மீண்டும் பத்துக் குஞ்சுகள் வாங்கினோம். பொங்கல் வந்தது, போயிற்று. வீட்டு மூலையில் நாற்றம் இருந்தது, பொறுத்துக்கொண்டோம். ஏழாம் வாரம் முடிந்து, இறகு நிரம்பிய பின்னரே கூட்டுக்கு மாற்றினோம். முதல் இரவு பாட்டியார் இருமுறை எழுந்து, விளக்கோடு சென்று பார்த்துவிட்டு வந்தார். விடியலில் குழந்தைகள் ஓடிச்சென்று எண்ணினார்கள். பத்தும் இருந்தன.