தொலைக்காட்சிக்குள் ஒரு மன்னார்க் கடல்

மீன்தொட்டி ஸ்கிரீன்சேவர் என்பது கணினி சும்மா இருக்கும் நேரத்தில் திரையில் மீன்களை நீந்தவிடும் செயலி. பழைய படக்குழாய்த் திரைகளில் ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால், அதன் தடம் உட்பக்க ஒளிர்பூச்சில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்கவே ஸ்கிரீன்சேவர்கள் வந்தன. ஜிம் சாக்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 2000ஆம் ஆண்டளவில் உருவாக்கிய மரைன் அக்குவேரியம் அவற்றுள் பெரும் புகழ் பெற்றது. 2001இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கென விற்ற பிளஸ் தொகுப்பிலும் ஒரு மீன்தொட்டி இருந்தது. தட்டைத் திரைகள் பரவியபின் தடம் பதியும் பயம் குறைந்தது. மீன்கள் மட்டும் திரையை விட்டுப் போகவில்லை. அந்த மீன்களைத் தொலைக்காட்சியில் முப்பரிமாண ஆழத்தோடு நீந்தவிடவும் முடியும்.

மனிதரின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. மூக்கின் முன் விரலை நிறுத்தி, ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். இந்தச் சிறு வேறுபாட்டை மூளை ஆழமாக மாற்றிக்கொள்கிறது. இதை 1838இல் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் விளக்கி, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவியையும் அறிமுகம் செய்தார். ஆனால் இந்த உணர்வு கிட்டத்தில்தான் கூர்மையானது. மன்னார்த் தீவின் தோட்டவெளியிலிருந்து கரைக்குப் போய் நின்று பார்ப்பவருக்கு, தொலைவில் நிற்கும் இரண்டு வள்ளங்களில் எது முன்னே, எது பின்னே என்பதை இரு கண்ணின் வேறுபாடு சொல்லாது. உருவத்தின் அளவும், ஒன்று மற்றதை மறைப்பதும், மங்கலும்தான் சொல்லும். அதே ஆள் குனிந்து வலையில் துடிக்கும் மீனைப் பிடிக்கும்போது இரு கண்களும் முழு வேலை செய்கின்றன. அரை மீற்றர் ஆழமுள்ள மீன்தொட்டி இந்தக் கிட்டத்து எல்லைக்குள் அடங்குகிறது. மலைக்காட்சிக்கு வீணாகிப்போகும் முப்பரிமாணம் மீன்தொட்டிக்குப் பலிப்பது இதனால்தான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அதுவே இந்த விடயத்தின் உயிர். முப்பரிமாணத் திரைப்படத்தில் ஒரு கை பார்ப்பவரை நோக்கி நீளும்போது, திரையின் ஓரம் அதை வெட்டினால் மாயை உடைந்துவிடும். கை திரைக்கு முன்னால் நிற்கிறது என்று இரு கண்ணின் வேறுபாடு சொல்ல, பின்னால் இருக்கவேண்டிய சட்டம் அதை மறைக்கிறது என்று கண் சொல்கிறது. மீன்தொட்டியில் இந்தச் சண்டையே இல்லை. தொலைக்காட்சியின் சட்டம் தொட்டியின் சட்டமாகிறது. திரை முன்பக்கக் கண்ணாடியாகிறது. மீன்கள் எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. மீன் பக்கவாட்டில் நீந்தி மறைந்தால் அது தொட்டியின் ஓரத்துக்குப் போனதாகவே தோன்றும். தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவத்துக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் வேறொரு முப்பரிமாணக் காட்சியைக் காண்பது கடினம்.

கணக்கும் எளிது. ஒருவர் திரையிலிருந்து 2 மீற்றர் தள்ளி அமர்ந்திருக்கிறார். ஒரு மீன் திரைக்கு 50 சென்ரிமீற்றர் பின்னால் தெரியவேண்டும். இடக்கண் படத்துக்கும் வலக்கண் படத்துக்கும் இடையே அந்த மீன் 1.3 சென்ரிமீற்றர் விலகியிருந்தால் போதும். 71 சென்ரிமீற்றர் அகலமுள்ள 32 அங்குல முழு எச்டி திரையில் அது ஏறத்தாழ 35 படப்புள்ளிகள். அதே படத்தை 4 மீற்றரிலிருந்து பார்த்தால் மீன் ஒரு மீற்றர் பின்னால் போய்விடும். கதிரையைப் பின்னுக்கு இழுத்தால் தொட்டியின் ஆழம் கூடுகிறது! திரையைப் பெரிதாக்கினாலும் விலகல் அதே விகிதத்தில் பெருகும். ஆகவே வீட்டுத் தொலைக்காட்சிக்கு அமைத்த காட்சியைப் பாடசாலை மண்டபத்து புரொஜெக்டரில் அப்படியே போடக்கூடாது. விலகல் 6.5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கண்கள் வெளிப்புறமாக விரியவேண்டி வரும். அது கண்ணுக்கு இயல்பில்லாத வேலை, தலைவலிதான் மிஞ்சும்.

படத்தை உருவாக்கக் கணினி ஒரே தொட்டியை இரண்டு கற்பனைக் கமராக்களால் பார்க்கிறது. அவை மாறுகண்போல உள்நோக்கித் திரும்பாமல் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். திருப்பினால் ஓரங்களில் ஒரு கண்ணின் படம் மேலேறி மற்றையது கீழிறங்கிக் கண்ணை வருத்தும். மீன்களும் முழு உருவங்களாக வார்க்கப்பட்டிருக்கவேண்டும். பின்னணி ஒரே ஓவியமாகத் தீட்டப்பட்ட தொட்டியில், சுவரில் ஒட்டிய படத்துக்கு முன்னால் மீன்கள் மிதப்பதுபோல்தான் இருக்கும். மீனும் தட்டைப் படமென்றால் அட்டையில் வெட்டி நூலில் தொங்கவிட்டது மாதிரி.

இரண்டு படங்களையும் உரிய கண்ணுக்குச் சேர்ப்பதில் மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, திரை இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் மாறி மாறி மிக விரைவாகக் காட்ட, மூக்குக்கண்ணாடியின் திரவப் படிகக் கதவுகள் அதே தாளத்தில் திறந்து மூடுவது. இரண்டாவது, திரையின் ஒற்றை வரிசைகளுக்கு ஒருவகை முனைவாக்கமும் இரட்டை வரிசைகளுக்கு எதிர்வகையும் கொடுப்பது. இதில் கண்ணாடி மலிவு, மின்கலம் வேண்டாம்; ஆனால் ஒரு கண்ணுக்கு 1080இல் 540 வரிசைகளே கிடைக்கும். மூன்றாவது, சிவப்பும் நீலப்பச்சையுமான கண்ணாடி. எந்தத் தொலைக்காட்சியிலும் இது நடக்கும். ஆனால் மீன்தொட்டிக்கு இதில் ஒரு தனித் துயரம் இருக்கிறது: கடற்சாமந்திகளுக்குள் வாழும் செம்மஞ்சள் கோமாளிமீன் சிவப்புக் கண்ணாடி வழியே பளிச்சென்றும் மறுபக்கம் கருமையாகவும் தெரியும். இரண்டையும் பொருத்த முடியாமல் மூளை திணற, தொட்டியின் மிக அழகான மீனே மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். மஞ்சளும் சாம்பலும் கலந்த மீன்களை விடுவதே இதற்குப் பரிகாரம்.

கணினியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் போகும் பாதையை 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரம் ஒழுங்குபடுத்தியது. இரு படங்களையும் முழுமையாக அனுப்பினால் 720 வரிசைகள் செக்கனுக்கு 60 தடவை, அல்லது 1080 வரிசைகள் 24 தடவை. மெதுவாக மிதக்கும் மீனுக்கு 24 போதும்; வெருண்டு பாயும் மீன் விக்கி விக்கி நகரும். இரு படங்களையும் அரைவாசியாக ஒடுக்கிப் பக்கத்தில் பக்கம் வைத்து அனுப்புவது எளிய வழி. பென்டிரைவில் போட்ட வீடியோவுக்கும் அது பொருந்தும். ரிமோட்டில் த்ரீடி பொத்தானை அழுத்தினால் பெட்டி அதைப் பிரித்துக்கொள்ளும். ஒரு கண்ணின் படம் மற்றக் கண்ணுக்குக் கசிந்து நிழலாகத் தெரிவது எல்லா முறைகளிலும் ஓரளவு உண்டு. கறுப்பு நீரில் வெள்ளை மீன் என்றால் அது அப்பட்டமாகத் தெரியும். நீரைச் சற்று வெளிர்நீலமாக்கினால் பெரிதும் அடங்கிவிடும்.

முப்பரிமாணத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் காலம் குறுகியது. இந்தியாவில் 1984இல் மை டியர் குட்டிச்சாத்தான் தொடக்கிவைத்த முப்பரிமாணம், 2018இல் வந்த 2.0 போன்ற படங்களாகத் திரையரங்கில் தொடர்ந்தது. வீட்டில் அது நிலைக்கவில்லை. செய்தி பார்க்கவும் நாடகம் பார்க்கவும் ஒவ்வொருவரும் கண்ணாடி மாட்டவேண்டும் என்பதைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. சாம்சங் 2016இலும் எல்ஜியும் சோனியும் 2017இலும் இவற்றைக் கைவிட்டன. கணினி விளையாட்டுகளை இரு கண் படமாக மாற்றித்தந்த த்ரீடி விஷன் மென்பொருளை என்விடியா 2019இல் நிறுத்தியது. இன்று முப்பரிமாணத் தொட்டி வேண்டுவோருக்குப் பழைய பெட்டியோ, தலையில் மாட்டும் கருவியோ, சிவப்பு நீலப்பச்சைக் கண்ணாடியோதான் எளிய வழி.

தொட்டியின் ஆழத்தைத் தீர்மானிக்கும்போது நீரின் குணத்தையும் நினைக்கவேண்டும். ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், 60 சென்ரிமீற்றர் ஆழமான உண்மைத் தொட்டி முன்னிருந்து பார்க்க 45 சென்ரிமீற்றராகவே தெரியும். நீருக்குள் வெறுங்கண்ணைத் திறந்தால் விழிவெண்படலம் ஒளியைக் குவிக்கும் ஆற்றலைப் பெரும்பாலும் இழக்கிறது. மன்னார் முத்துச் சலாபங்களில் கல்லை மிதித்துப் பல பாகம் ஆழத்துக்கு இறங்கிய குளிகாரர்கள், மூச்சடக்கி, மங்கிய கண்ணோடுதான் கடலடி முத்துப் பார்களில் சிப்பி பொறுக்கினார்கள். முகக் கண்ணாடி அணிந்து இறங்குவோருக்கு மீன்கள் உண்மையில் இருப்பதைவிடக் கிட்டவாகவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரிகின்றன.

விற்பனைக்கு வந்த திரைத் தொட்டிகளில் நீந்துபவை பெரும்பாலும் அலங்காரமீன் வணிகத்தில் பெயர்பெற்ற இனங்கள். தோட்டவெளியில் வளரும் பிள்ளைக்கு ஓராவும் கிளிமீனும் திருக்கையும் கடலட்டையும் சங்கும் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் கரையிலும் சந்தையிலும் கிடந்த கோலத்தில். அவை உயிரோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பாறை இடுக்கில் நகர்வதைக் கடலில் இறங்காத பிள்ளை கண்டிருக்காது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளிறின. எதிர்க்கரையில் இந்தியா 1986இலேயே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அமைத்தது. இந்தக் கடலின் உயிர்களை ஆழத்தோடு பதிந்துவைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. நீர்புகாத இரண்டு சிறு கமராக்களை, மிக அருகிலுள்ள மீனின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பக்கத்தில் பக்கம் கட்டினால் இரு கண் படம் கிடைக்கும்: மீன் ஒரு மீற்றரில் என்றால் இடைவெளி ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். தீவில் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களும் கடலில் இறங்கிப் படம் எடுப்பவர்களும் சேர்ந்து இதைச் செய்யவேண்டும். பார்ப்பதற்கு வகுப்பிலுள்ள சாதாரணத் தொலைக்காட்சியும், சிவப்பும் நீலப்பச்சையுமான கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைச் சட்டங்களும் போதும்.