மலையேறும் லாரியும் மெலிந்த கலவையும்

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குச் செல்லும் சாலை, மேற்குத் தொடர்ச்சி மலை நமக்காக விட்டுக்கொடுத்த ஒரு வாயிலினூடே செல்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அக்கணவாயில் மலை என்று ஒன்று இருப்பதே லாரி ஓட்டுநருக்குத் தோன்றாது. திரும்பி வரும்போதும் 50 கிலோமீட்டர் தொலைவில் 300 மீட்டர் அளவுக்குத்தான் ஏற்றம். அதே லாரி மறுவாரம் தேனி மாவட்டத்திலிருந்து சரக்கேற்றிக்கொண்டு இடுக்கிக்குப் புறப்படுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை, 30 கிலோமீட்டருக்கும் குறைந்த வழியில், சுமார் 1,000 மீட்டர் ஏறியாக வேண்டும். பாலக்காட்டுச் சாலையில் முணுமுணுப்பின்றி ஓடிய வண்டி, இங்கே கொண்டை ஊசி வளைவொன்றில் 'புல்லிங்' இழந்து தள்ளாடுகிறது. ஓட்டுநரின் எதிரே மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்தால், 'கலவை மெலிந்தது' என்னும் பொருள்படும் குறி கிடைக்கிறது.

மலைமேல் காற்று இலேசானது, அதனால்தான் இந்தக் குறி வந்தது என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. இது தலைகீழான விளக்கம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் மெலிந்த கலவை என்றால் காற்று மிகுந்து எண்ணெய் குறைந்தது என்று பொருள். காற்றுக் குறைந்தால் கலவை தடிக்குமேயன்றி மெலியாது. மேலும், இக்கால என்ஜினின் கணிப்பொறி வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப எண்ணெயைக் குறைத்துக்கொள்கிறது. எனவே மலையின் மேல் பழி போடுவதற்கில்லை. மலை செய்தது ஒன்றே: என்ஜினிடம் முழு உழைப்பையும் கேட்டது. சமவெளியில் பாதி எண்ணெயோடு ஓடிய வண்டிக்கு, இங்கே முழு எண்ணெயும் வேண்டியிருந்தது. அது வந்து சேரவில்லை.

இன்னொரு நுட்பத்தையும் மனத்தில் இருத்த வேண்டும். ருடால்ப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய நாள் முதல், டீசல் என்ஜின் இயல்பாகவே மெலிந்த கலவையில் ஓடுவது. ஒரு பங்கு டீசல் முற்றும் எரிய எடையளவில் ஏறத்தாழ 14.5 பங்கு காற்றுப் போதும். சும்மா நின்று ஓடும் வேளையில் அதைப் போலப் பல மடங்கு காற்று உள்ளே போகிறது. ஆகவே டீசல் வண்டியில் மெலிவு என்ற குறி, காற்று மிகுதி என்பதை மட்டும் சொல்லவில்லை. 'நான் கணக்கிட்ட அளவை விட அதிகப் பிராணவாயு புகைக்குழாயில் மிஞ்சியிருக்கிறது' என்பதே அதன் முறையீடு. அப்படி மிஞ்சுவதற்கு மூன்று வழிகள் உண்டு. எண்ணெய் குறைந்திருக்கலாம், காற்றின் அளவு தவறாகக் கணக்கிடப்பட்டிருக்கலாம், அல்லது உணர்விக்கு முன்னாலுள்ள புகைக்குழாய் விரிசலில் வெளிக்காற்று புகுந்திருக்கலாம். குறியில் உணர்வியின் பெயர் இருப்பதால் உணர்வியை மாற்றிவிடுவது, காய்ச்சலைக் காட்டிய கண்ணாடிக் கருவியை உடைப்பதற்கு ஒப்பாகும். செலவும் சிறிதன்று.

கனரக லாரிகள் பலவற்றில் குறி இரண்டு எண்களாக வரும். எஸ்.பி.என். என்ற முதல் எண் எந்த அளவு பிழைத்தது என்றும், எஃப்.எம்.ஐ. என்ற அடுத்த எண் எவ்வகையில் பிழைத்தது என்றும் கூறும். மெலிவுக் குறியோடு 94 சேர்ந்து வந்தால் பம்புக்கு வரும் எண்ணெயின் அழுத்தத்தையும், 157 வந்தால் இன்ஜெக்டர்களுக்குப் பொதுவான உயரழுத்தக் குழாயையும் நோக்க வேண்டும். பின்னெண் 1 என்றால் அழுத்தம் உண்மையாகவே தாழ்ந்தது. 3 அல்லது 4 என்றால் மின்கம்பியையும் இணைப்பையும் ஐயுறலாம். குறி பதிவான நொடியில் வேகம், பாரம், வெப்பம் ஆகியவை எவ்வளவு என்பதையும் கருவி பல வண்டிகளில் காட்டும். அதைப் பாராமல் குறியை அழித்துவிடுபவர் கையில் கிடைத்த சாட்சியைத் தாமே விரட்டிவிடுகிறார்.

எண்ணெய்க் குறைவே மிகுதியும் காணப்படுவதாதலின் தேடலை டாங்கியிலிருந்து தொடங்குவது நலம். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், சில மணி நேர ஓட்டத்தில் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் இழுபடாது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உட்புகும். அடுத்தது வடிகட்டி. மழைக்காலத்தில் அதன் அடியில் தேங்கும் நீரை வடித்துப் பார்த்தல் அவசியம். டாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாய் நயமான ஏமாற்றுக்காரன். அங்கே உறிஞ்சல் இருப்பதால் இணைப்பு தளர்ந்தாலும் ஒரு துளி எண்ணெய் கசியாது. மாறாகக் காற்று உள்ளே போகும். 'ஏர் எடுக்கிறது' என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். வடிகட்டியின் அருகே ஒளிபுகும் குழாய்த் துண்டொன்றை இணைத்து என்ஜினை ஓட்டினால், குமிழிகள் வரிசையாக ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

காற்றுப் பக்கத்தில் பெட்ரோல் வண்டி கற்பித்த பாடம் இங்கே முழுவதும் செல்லாது. டர்போவுக்குப் பிந்திய ஹோஸ் கிழிந்தால், அளந்த காற்று வெளியேறிக் கலவை தடிக்கும். காற்றளவிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட ஹோஸில் பிளவிருந்தால்தான் அளக்கப்படாத காற்று நுழைந்து மெலிவு தோன்றும். முன்னாளில் புகையின் நிறத்தைக் கண்டே இவ்விரண்டையும் பிரித்தறிந்தார்கள். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகைவடிகட்டி இருப்பதால் அந்தச் சாட்சி ஊமையாகிவிட்டது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை. பழைய டீசல் என்ஜினில் எந்த சிலிண்டர் 'மிஸ்' அடிக்கிறது என்று காண, ஓடும் என்ஜினிலேயே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவது மெக்கானிக்குகளின் வழக்கம். புதிய வண்டிகளில் இவ்வழக்கம் உயிருக்கே தீங்காகும். அக்குழாயில் 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்து உள்ளே டீசலைச் செலுத்திவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாய்த் தோன்றும். வலியும் தொடக்கத்தில் பெரிதாக இராது. ஆயினும் அன்றே, தாமதமின்றி, அறுவை மருத்துவம் கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். மருத்துவரிடம் 'டீசல் தோலுக்குள் பாய்ந்தது' என்று தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கலாம். என்ஜினை நிறுத்தி, அழுத்தம் தணியும்வரை காத்திருந்த பின்னரே நட்டில் கை வைக்க வேண்டும். நலிந்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க, இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் எண்ணெயைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடும் முறை இருக்கிறது. அதிகம் திருப்பியனுப்பும் இன்ஜெக்டர் தேய்ந்தது.

குறை தீர்ந்தது என்று தோன்றிய பிறகு, பட்டறை வாசலில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துக் கூலி வாங்கிக்கொள்ளும் பழக்கம் இந்தக் குறிக்கு உதவாது. வண்டி நோய்ப்பட்ட இடம் ஏற்றம். ஆகையால் சரக்கோடு, கருவியையும் இணைத்துக்கொண்டு, லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். கணிப்பொறி கேட்ட அழுத்தமும் குழாயில் கிடைத்த அழுத்தமும் மேல் வளைவு வரை இணைந்தே சென்றால், வண்டியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கலாம்.