கழுத்துக் கருமை: அழுக்கன்று, அறிகுறி



சன்னிதியில் குனிந்து திருநீறு பெறும் பிள்ளைகள் சிலரின் பிடரியில் பட்டை போட்டாற்போல் கருமை படர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். "ஒழுங்காகத் தேய்த்துக் குளிப்பதில்லை" என்று தாய்மார்கள் கடிந்துகொள்வார்கள். சங்கிலி உரசி வந்தது என்பாரும் உண்டு.

நானும் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு மாணவனை, "கழுத்தைக் கழுவிவிட்டு வா" என்று வகுப்பார் முன்னிலையில் குழாயடிக்கு அனுப்பினேன். தோல் சிவக்கத் தேய்த்துக்கொண்டு வந்தான்; கருமை போகவில்லை. அது அழுக்கன்று என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அவனிடம் வருத்தம் தெரிவிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. அந்தக் கடன் உறுத்துவதாலேயே இதை எழுதுகிறேன்.

கருமை ஏன் வருகிறது?

மருத்துவர்கள் இதனை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பர். பிடரி, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மடிப்புகளில் தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும். இது தொற்றுநோய் அன்று.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உயிரணுக்களுக்குள் செல்லத் துணைபுரிவது கணையம் சுரக்கும் இன்சுலின். உடல் பருத்து வயிற்றில் கொழுப்புச் சேரும்போது, உயிரணுக்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துவிட்ட இன்சுலின் தோலின் உயிரணுக்களைத் தூண்டி, அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. ஆகவே, இனிப்புநீர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கழுத்து நமக்கு எச்சரிக்கை தரக்கூடும்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தோட்டத்தில் நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து மரம் சீவி, பால்வாளி சுமந்து நடந்தார்கள். உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. நாம் பட்டணத்திற்கு வந்தோம். சோற்றின் அளவு குறையவில்லை, நடைதான் குறைந்தது. போதாக்குறைக்குக் கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கும் சேர்ந்துகொண்டது.

செய்ய வேண்டியவை

1. முதலில் இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை லிட்டருக்கு 6.1 முதல் 6.9 மில்லிமோல் வரை இருந்தால் இனிப்புநீருக்கு முந்திய நிலை, 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்புநீராகக் கருதி உறுதி செய்வார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

2. உடல் எடையைக் குறைத்தல். இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நன்று. எடை குறையக் குறையக் கருமையும் மெல்ல மங்கும். பல மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

3. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கும் ஒழுங்கின்றி இருந்தால் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறும் இக்கருமையுடன் வருவதுண்டு.

4. மருத்துவர் தரும் களிம்புகள் ஓரளவு துணை செய்யும். மூல காரணத்தை அவை தீர்க்கா. எலுமிச்சை, சோடா மாவு, நார் கொண்டு தேய்த்தால் புண்ணாகி மேலும் கறுக்கும். இரவுச் சந்தையில் விற்கும் வெண்மையாக்கும் களிம்புகளை நம்பாதீர்கள். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் இருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

5. வயது முதிர்ந்தவருக்குத் திடீரெனக் கருமை தோன்றி, உள்ளங்கை, உதடு என்று பரவி, உடலும் மெலிந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரிதாக, வயிற்றுப் புற்றுநோயின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

உபயதாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்னதானத்திலும் தண்ணீர்ப் பந்தலிலும் சீராப்புக்குப் பதிலாக மோரோ வெறும் நீரோ வழங்கலாமே. புண்ணியம் குறையாது.

உடம்பை இறைவன் குடிகொண்ட கோயிலாகக் கண்டவர் திருமூலர். இனிக் கறுத்த கழுத்துடன் ஒரு பிள்ளையைக் கண்டால் ஏசாதீர்கள். பெற்றோரைத் தனியே அழைத்து, பரிவோடு சொல்லி, கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள். அதுவும் திருத்தொண்டே.